கிடந்த இடம்

ஒரு பழைய காசைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் முதலில் காசைத்தான் பார்ப்பார்கள். திருப்பிப் பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், வெளிச்சத்துக்குப் பிடிப்பார்கள். அக்கா காசைப் பார்க்கமாட்டார். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

"எங்கை கிடந்தது?"

அதற்குப் பதில் வரும்வரை அவருடைய கை நீளாது.

தொண்ணூற்றேழில் எனக்கு யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் குடும்பநல மருத்துவிச்சியாக நியமனம் கிடைத்தது. அக்கா அங்கே ஓர் உபதபாலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் கந்தோரில் இருப்பதால் ஊரில் அவருக்குக் கந்தோர் அக்கா என்று பெயர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கட்டையான உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கால் உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். விரல் நுனிகளில் முத்திரை மையின் ஊதா போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணைக்கு நீட்டும் கையிலும் அது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. கடற்தொழில் செய்யும் தம்பியோடு கரம்பொன்னில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் இருந்தார்.

நான் வந்து மூன்றாம் மாதம் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்து, பெரிய பாடுபட்டுத்தான் வெளியே வந்தது. அந்த வீட்டுக்காரர் நன்றிக்கு என் கையில் ஒரு செப்புக்காசை வைத்தார்கள். கறுத்து, விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பதுபோலத் தெரிந்தது. கந்தோர் அக்கா இப்படியானவற்றைச் சேர்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று சைக்கிளை நேரே அங்கே விட்டேன்.

"எங்கை கிடந்தது?" என்றார்.

"ஒரு வீட்டிலை தந்தவை, அக்கா."

"அவைக்கு எங்கையிருந்து வந்தது?"

"தெரியாது."

"அப்ப கேட்டுக்கொண்டு வாரும், தங்கச்சி."

காசைத் தொடவே இல்லை. முத்திரை வாங்க நின்ற அடுத்த ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா கொடுப்பதை வாங்கமாட்டேன் என்கிற மனுசியை அன்றுதான் கண்டேன். ஆனாலும் அடுத்த கிழமை பிள்ளையை நிறுக்கப் போனபோது கேட்டேன். மாமியார் தன் தமக்கையைக் காட்டினார். தமக்கை, வெளிநாடு போன ஒரு குடும்பத்தைக் காட்டினார். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர், மாட்டுக்கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது தான்தான் எடுத்ததாகச் சொன்னார். அதை வந்து சொன்னதும் அக்கா கந்தோர்க் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு என்னோடு சைக்கிளில் வந்தார்.

கொட்டிலடியில் செருப்பைக் கழற்றி வைத்தார். வேலியின் மூலைக் கட்டையிலிருந்து தொடங்கி, குதிக்கால் பெருவிரலில் முட்ட முட்ட ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். அவருடைய பாதம் சிறியது, சின்னப் பிள்ளையின் பாதம்போல. முதியவர் "உங்கைதான், உங்கைதான்" என்று கைகாட்டிய இடத்தில் நின்று எண்ணிக்கையைச் சொன்னார். பிறகு ஒரு தந்தி உறையை எடுத்தார். தந்தி வராத காலம் அது. கந்தோரில் உறைகள் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடந்தன. அதில் எடுத்தவர் பெயர், வயது, ஊர், எதிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், என்ன கிழமை, எல்லாவற்றையும் உருண்டையான எழுத்தில் எழுதினார். அதற்குப் பிறகுதான் காசைக் கையில் வாங்கினார்.

"இப்பதான் இது காசு," என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அது பழகிவிட்டது. வேலையாக வீடு வீடாகப் போகிறவள் நான். எந்த வீட்டில் பழங்காசு கண்டாலும் முதல் கேள்வியை நானே கேட்டுவிடுவேன்.

அவருக்கு இந்தக் குணம் காசில் மட்டும் இல்லை. அந்த நாட்களில் தீவுகளுக்கு வரும் கடிதங்களில் பாதி, அந்த விலாசத்தில் இல்லாத ஆட்களுக்கு வந்தவை. வீடு இருக்கும், ஆள் இராது. ஆள் இருந்தால் வீடு இராது. வேறு கந்தோர்களில் உறையில் ஒரு கோடு கீறித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்களையும் கோயிலுக்கு வருகிறவர்களையும் பிடித்துக் கேட்பார். "இவை இப்ப எங்கை இருக்கினம்? மடுவிலையோ, வவுனியாவிலையோ? ஆரின்ரை வீட்டிலை?" ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒரு கடிதம் சரியான ஆளைப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று அவரைக் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். அவருடைய தம்பிதான் ஒருநாள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தபோது சொன்னார்.

"தொண்ணூறிலை ஆமி வர ஓடினனாங்கள். தொண்ணூற்றாறிலை திரும்பி வந்து பாத்தா, வீடு இல்லை. கல்லுக்கூட இல்லை, எல்லாம் ஆரோ பங்கர் கட்ட ஏத்திக்கொண்டு போட்டினம். வெறுந்தரை. அக்கா நாள் முழுக்க உதுக்குள்ளை நடந்து திரிஞ்சவ. முருங்கைக் கட்டை ஒண்டு நிண்டது. அதிலையிருந்து அளந்து அளந்து, இதுதான் குசினி, இதிலைதான் அம்மா இருந்து மீன் வெட்டுறவ எண்டு ஒரு இடத்திலை போய் இருந்திட்டா. எழும்பேல்லை. அந்த இடத்தைக் கிண்டேக்கைதான் முதல் காசு வந்தது."

அதற்கு முன்னால் அவர் காசு சேர்த்ததில்லை என்றும் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் இருந்தார். அக்கா காசின்மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் உரைத்து அவருக்குத் தபாலில் அனுப்புவார். இது யாழ்ப்பாண அரசர் காசு, இது சோழர் காசு என்று அவர் எழுதி அனுப்புவார். ஒருமுறை அவர் மூலமாக ஒரு வியாபாரி கந்தோருக்கே வந்தார். அழகான வெள்ளிக்காசு ஒன்றை மேசையில் வைத்து, "இதை நீங்கள் எடுங்கோ, எனக்கு உங்கடை செப்புக்காசிலை பத்துத் தாங்கோ," என்றார். வழக்கமான கேள்வி வந்தது.

"கொழும்பிலை வாங்கினது."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் ஆருக்குத் தெரியும், அம்மா?" என்று சிரித்தார்.

அக்கா ஒரு விரலால் அந்தக் காசைத் தள்ளி அவர் பக்கம் விட்டார். தன் வாழ்நாளில் அவர் பார்த்த ஒரே வெள்ளிக்காசு அதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வருசமும் தை மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், போன வருசம் வந்தவற்றில் தனக்குப் பிடித்தமான காசுகளை எடுத்து மேசையில் நீலத் துணி விரித்து வைப்பார். பார்ப்பதற்கு இருப்பது தம்பியும் நானும்தான். தம்பி பிளேன்ரீ போட்டுக்கொண்டு வருவார். அக்கா ஒவ்வோர் உறையாக வாசிப்பார். அழகான காசு, அருமையான காசு என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில் இல்லை. எந்தக் காசின் இடம் திருத்தமாகத் தெரியுமோ அதுதான் அந்த வருசத்து நல்ல காசு.

நான் பார்த்த கடைசி ஞாயிறு இரண்டாயிரத்தில் வந்தது. மேசையில் நாலு காசுகள் இருந்தன.

முதலாவது புளியங்கூடலில் வெங்காயம் பயிரிடும் ஒரு கமக்காரரின் கிணற்றில் கிடைத்தது. கோடையில் கிணற்றைக் கலக்கி இறைத்தபோது, உள்ளே தெற்குப் பக்கச் சுவரில் கல்லிடுக்கிலிருந்து விழுந்ததாம். ஒரு பக்கம் காளை படுத்திருக்கிறது. கீழே 'சேது' என்று எழுத்து. அக்காவுக்கு அந்தக் கல்லிடுக்கைப் பார்க்காமல் எழுத மனமில்லை. தம்பியின் சாறத்தை உடுத்திக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். நானும் அங்கே நின்றேன். கமக்காரர் தலையில் கைவைத்தார்.

"பிள்ளை, நீர் விழுந்தா நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

"எங்கை விழுந்தன் எண்டு சரியாச் சொன்னாக் காணும், ஐயா," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மேலே வந்து, 'கிணற்றுக்குள், தெற்குச் சுவர், ஒன்பது முழம் கீழே' என்று எழுதினார். கமக்காரர் ஒரு செம்பு தண்ணீர் அள்ளித் தந்தார். தீவுகளில் நல்ல தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிற குடும்பங்கள் இருந்தன. அந்தக் கிணற்றின் தண்ணீர் இளநீர்மாதிரி இருந்தது. அந்த வட்டாரமே அங்கேதான் குடத்தைக் கொண்டுவந்தது.

இரண்டாவது, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு. தம்பியோடு தொழிலுக்குப் போகும் ஒருவர் தன்னுடைய வீச்சுவலையில் ஈயமணிக்குப் பதிலாக அதைக் கோத்து வைத்திருந்தார். எங்கே கிடந்தது என்றால், "அப்பு காலத்திலையிருந்து வலையிலைதான் கிடக்கு" என்றார். அக்கா மூன்று நாள் யோசித்தார். பிறகு உறையில் 'வலையில் கிடந்தது' என்று மட்டும் எழுதினார். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் எழுதமாட்டார். மூன்றாவது, தீப்பெட்டியில் பாதி அளவான செப்புத் தகடு. அதில் ஒரு பெண் நிற்கிறாள். இடிந்த வீடொன்றின் முற்றத்தில் மழை கழுவிவிட்டதை அக்காவே கண்டெடுத்தார்.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் சிறியது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. உற்றுப் பார்த்தால் ஒரு தலை தெரியும். வாத்தியாருக்கு இன்னும் உரைத்து அனுப்பவில்லை. ஆனாலும் உரோமாபுரிக் காசு என்று அக்கா நம்பினார்.

அதைக் கொண்டுவந்தவர் மடத்துவெளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மா. கந்தோரில் ஆள் குறையும்வரை சுவரோரமாக நின்றிருக்கிறார். பிறகு கிட்ட வந்து கேட்டிருக்கிறார்.

"பேர் எழுதி வைக்கிற பிள்ளை நீர்தானோ?"

"எந்தப் பேர், அம்மா?"

"காசு எடுத்த ஆளின்ரை பேர்."

சேலைத் தலைப்பின் முடிச்சிலிருந்து அந்தக் காசை எடுத்திருக்கிறார். பனங்கிழங்குப் பாத்தி கிண்டியபோது மகன் எடுத்தது. மூன்று வருசத்துக்கு முந்தி. அவனுக்கு அப்போது பதினேழு வயது. எடுத்து இரண்டு மாதத்தில், சைக்கிள் ரியூப் வாங்க யாழ்ப்பாணம் போனவன் திரும்பி வரவில்லை. காசு உப்புப் போத்தலுக்குள் கிடந்தது.

அக்கா அடுத்த ஞாயிறே மடத்துவெளிக்குப் போனார். நானும் போனேன். அந்த அம்மா எங்களைப் பாத்திக்குக் கூட்டிப்போய், "உதிலை நிண்டுதான் 'அம்மா' எண்டு கூப்பிட்டவன்," என்று ஓர் இடத்தைக் காட்டினார். அக்கா கிணற்றடியிலிருந்து அடி வைத்து நடக்க, அந்த அம்மா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதி முடிந்ததும் உறையை வாங்கி, மகனின் பெயர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். இருந்தும் சரியான இடத்தில்தான் வைத்தார்.

"காசு கிடந்த இடம் தெரியும்," என்றார். "அவன் கிடக்கிற இடம்தான் தெரியேல்லை."

அக்கா உறையை வாங்கிக் காசை உள்ளே போட்டார். அந்த அம்மாவிடம் சொல்லாமல் அந்த உறை தன் கையைவிட்டு எங்கேயும் போகாது என்று மட்டும் வாக்குக் கொடுத்தார்.

தை ஞாயிறு முடிந்த இரண்டாம் கிழமை எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் இருந்தது. காசுகளை நேரில் பார்க்க வாத்தியார் ஆசைப்பட்டிருந்தார். அக்கா முதல் மூன்று உறைகளையும் என்னிடம் தந்தார். நாலாவதைத் தரவில்லை. நான் அவற்றை மருத்துவிச்சிப் பைக்குள், கத்தரிக்கும் பஞ்சுக்கும் கீழே வைத்தேன். பேசாமல் கையில் வைத்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஒளித்து வைத்ததுபோல ஆகிவிட்டது.

பாலத்தடிச் சென்றியில் ஆமிக்காரர் மறித்துப் பையைக் கொட்டினார்கள். உறைகளை எடுத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் முதலாவது உறையை வாசித்தார். ஓர் ஆளின் பெயர், வயது, ஊர். கிணற்றுக்குள், தெற்குச் சுவர், ஒன்பது முழம் கீழே.

"என்ன தாட்டு வைச்சிருக்கிறீங்கள்? ஆயுதமோ?" என்றார்.

காசு என்றேன். பழைய காசு, அது கிடந்த இடம் என்றேன். ஒரு பழங்காசு எங்கே கிடந்தது என்று எழுதி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை என்னால் அவருக்கு விளங்கப்படுத்த ஏலாமற்போயிற்று. எனக்கே அப்போது அது பைத்தியக்காரக் கதைபோலத்தான் கேட்டது. நாலு மணித்தியாலம் மர வாங்கில் இருத்திவைத்து, எழுதினது யார் என்று கேட்டார்கள். சொன்னேன்.

அடுத்த நாள் வலைக்காரரைக் கூப்பிட்டார்கள். 'வலையில் கிடந்தது' என்பதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. சிரித்து அனுப்பிவிட்டார்கள். கமக்காரரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவருடைய கிணற்றடியில் மெசின் ஓடியது. தண்ணீரை ஒட்ட இறைத்து, தெற்குச் சுவரின் கல்லை உடைத்து, அடியில் இன்னும் ஆழமாகக் கிண்டினார்கள். ஒன்றும் வரவில்லை. போய்விட்டார்கள். மூன்றாம் நாள் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அது உவர்த் தண்ணீர்.

அக்காவை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தபடியால் பக்கத்தில் நின்றேன். அதிகாரி கத்தவில்லை. கதிரை காட்டினார். மூன்று காசுகளையும் மேசையில் வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பவர் மூலமாகக் கேட்டார்.

"இப்படி எத்தனை உறை வீட்டில் இருக்கிறது?"

"ரெண்டு பிஸ்கட் பெட்டி."

"நாளை மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் இடத்தையும் பார்க்கவேண்டும். ஒவ்வோர் ஆளையும் விசாரிக்கவேண்டும்."

அக்கா "ஓம்" என்றார். வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அவர் ஏறவில்லை. கரம்பொன் வரைக்கும் நடந்தே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகள் இரண்டையும் குசினிக்குள் எடுத்துப்போனார். பட்டப்பகல். தம்பி மீன் விற்றுவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஒவ்வோர் உறையாக எடுத்து, காசை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு, உறையில் இருந்ததை ஒருமுறை வாய்க்குள் வாசித்து, அடுப்பில் வைத்தார்.

தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தார். "உனக்கு விசரே? நாலு வருசம்!"

"கையை விடு."

"ஒளிச்சு வைப்பம். வள்ளத்திலை வைக்கிறன்."

"வள்ளத்தையும் பாப்பினம்." அவர் அடுத்த உறையை எடுத்தார். "அந்தாளின்ரை கிணத்துக்கு நடந்ததைப் பாத்தனிதானே. இதிலை நூறு வீட்டுக் கிணறு கிடக்கு."

நாலாவது காசின் உறை வந்தபோது அவருடைய கை நின்றது. நான் சொன்னேன்: "அக்கா, அதை மட்டும் என்னட்டைத் தாங்கோ. அந்த அம்மாவுக்கு வாக்குக் குடுத்தனீங்கள்."

"அவனை ஆர் கொண்டுபோனது எண்டு தெரியாது, தங்கச்சி. தெரியாத இடத்திலை அவன்ரை பேரை நான் குடுக்கமாட்டன். உம்மடை பையையும் அவை கண்டிட்டினம்."

அதை மற்றவற்றைவிட அதிக நேரம் வாசித்தார். பிறகு வைத்தார்.

குறித்த நாளில் பால்மா ரின்னோடு முகாமுக்குப் போனார். அதிகாரி காசுகளை மேசையில் கொட்டிப் பார்த்தார். எழுதினவை எங்கே என்றார். "அடுப்பெரிக்க எடுத்துப்போட்டன்," என்றார் அக்கா. அதிகாரி அவருடைய முகத்தையே கனநேரம் பார்த்தார். நம்பினாரா, விளங்கிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. முதல் மூன்றையும் சேர்த்துக் காசுகளைத் திருப்பிக் கொடுத்து, ஆறு மாதம் கிழமைக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா ஒரு கிழமையும் தவறாமல் போட்டார்.

தம்பி மட்டும் விடவில்லை. "உனக்கு எல்லாம் பாடம்தானே. திரும்ப எழுதன்," என்று கேட்டார்.

"எழுதினா திரும்ப எரிக்கவேணும்," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒரு காசும் வாங்கவில்லை. இருந்தவற்றை, எடுத்தவர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். சனி, ஞாயிறுகளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். ஆள் இல்லாத இடங்களில் அயலட்டையில் விசாரித்து, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத் தபாலில் அனுப்பினார்.

புளியங்கூடலுக்கு நானும் கூடப் போனேன். கமக்காரர் எங்களை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வெங்காயப் பாத்தி காய்ந்து கிடந்தது. அக்கா காசை நீட்டினார். அவர் அதை வாங்காமல் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். அக்கா வாங்கினார். ஒரு வாய் குடித்ததும் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. முழுவதையும் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்பிடிக் கிடக்கு?" என்றார் கமக்காரர்.

"உவர், ஐயா."

"அதையும் எழுதி வையும்."

அக்கா காசைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வந்தார். வழியில் மதகடியில் சைக்கிளை நிறுத்திச் சத்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். அந்தப் பை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "எழுதினது நான்," என்று சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார். கமக்காரர் சாகும்வரை அக்காவோடு பேசவில்லை. கடிதம் வந்தால் பேரனை அனுப்பித்தான் எடுப்பார்.

மடத்துவெளியைக் கடைசியாக வைத்திருந்தார். போகப் பயந்தார் என்று நினைக்கிறேன். வைகாசி மாதம் ஒரு நாள் போனோம். அந்த அம்மா பாய் விரித்து எங்களை இருத்தினார். அக்கா காசைக் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பாயில் வைத்துவிட்டு, மறு கையையும் நீட்டினார்.

"கடதாசி?"

"எரிச்சுப்போட்டன், அம்மா."

எல்லாவற்றையும் அக்கா சொன்னார். கிணற்றையும் முகாமையும் அடுப்பையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காசை அக்காவின் பக்கமாகத் தள்ளினார்.

"இது எனக்கு என்னத்துக்கு? பேருக்காகத்தானே தந்தனான். வேறை ஒருதரும் அவன்ரை பேரை எழுதினவை இல்லை. கந்தோர் கந்தோரா ஏறினனான். 'விவரம் இல்லை' எண்டுதான் எழுதித் தந்தவை."

வெளியே ஆடு கத்தியது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணை மூடினார். தந்தி உறையில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே சொல்லத் தொடங்கினார். முதலில் பையனின் முழுப்பெயர். பிறகு:

"வயது பதினேழு. மடத்துவெளி. வீட்டுக் கிணற்றடியிலிருந்து மேற்கே பதினொரு அடி. பனங்கிழங்குப் பாத்தி. ஒரு முழ ஆழம். சனிக்கிழமை, பின்னேரம். மழை தூறியது. எடுத்தவுடன் தாயைக் கூப்பிட்டார்."

அந்த அம்மா அக்காவின் வாயையே பார்த்தார்.

"இன்னொருக்கால் சொல்லும்."

அக்கா சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். சொன்னார். நாங்கள் எழும்பும்போது, "பேந்தும் வருவீரோ?" என்று கேட்டார்.

அக்கா போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு. சமாதானம் என்று சொன்ன காலத்திலும் போனார், அது முறிந்தபோதும் போனார். சில தடவை நானும் போனேன். பாயில் இருப்பார்கள். தேத்தண்ணி வரும். ஊர்க்கதை பேசுவார்கள். பிறகு அக்கா கண்ணாடியைக் கழற்றுவார்.

இரண்டாயிரத்தாறில் ஆவணி மாதம் அக்காவுக்கு வயிற்றில் ஒரு நோ வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஊரடங்கும் பாதை அடைப்புமாக இருந்த கிழமைகள் அவை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். உடலைத் தீவுக்குக் கொண்டுவர ஏலவில்லை. தம்பி தனியாக நின்று அங்கேயே அடக்கம் செய்தார். பாதை திறந்து நான் அவரைப் பார்க்கப் போனபோது, நான் கேட்பதற்கு முன்னமே சொன்னார்.

"பெரிய வாசலாலை போனா வடக்கு மதில். அதிலையிருந்து மூண்டாவது வரிசை. வேம்புக்கு இஞ்சாலை ரெண்டாவது." சொல்லிவிட்டு முகத்தைச் சாறத்தால் மூடிக்கொண்டார்.

அடுத்த வருசம் நான் வேலணைப் பக்கத்துக் கிளினிக்கில் இருந்தேன். ஒரு புதன்கிழமை, பிள்ளைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது, வரிசைக் கடைசியில் பிள்ளை இல்லாமல் ஒருவர் நிற்பதைக் கண்டேன். மடத்துவெளி அம்மா. நல்லாய் மெலிந்துவிட்டார். எல்லாரும் போகும்வரை நின்றார். கதிரை கொடுத்தேன்.

"மிஸ்ஸி, பேர் எழுதின அந்தப் பிள்ளை மோசம் போட்டுதாம்."

"ஓம், அம்மா."

"நீரும் அண்டைக்கு நிண்டனீர்தானே. உமக்கு அது பாடமோ?"

பத்து, பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறேன். தெரியும் என்றுதான் நினைத்தேன். பையனின் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். மடத்துவெளி, வீட்டுக் கிணற்றடியிலிருந்து மேற்கே... அதற்கு மேல் வரவில்லை. ஒன்பதா, பதினொன்றா, பதின்மூன்றா? ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டிருக்கலாம். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை அடி எண்டு எனக்குத் தெரியாது, அம்மா," என்றேன்.

"பதினொண்டு," என்றார் அவர். "மேற்காலை பதினொரு அடி. அதுக்குப் பிறகு பனங்கிழங்குப் பாத்தி, ஒரு முழ ஆழம், சனிக்கிழமை பின்னேரம், மழை தூறினது. எடுத்தவுடனை என்னைக் கூப்பிட்டவன்." கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும், மிஸ்ஸி. நான் சொன்னா நான்தானே கேக்கிறன். நீர் சொல்லும். முதலிலையிருந்து சொல்லும்."

நான் முதலிலிருந்து சொன்னேன்.